பழைய உடுப்பில் தலைக்கு அலங்காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சேலை, சட்டை, சாரம் (லுங்கி), பனியன், நைட்டி இவற்றிலிருந்து ஸ்க்ரஞ்சி (உள்ளே எலாஸ்டிக் ஓடுகிற, முடி கட்டும் துணி வளையம்), ஹேர் பேண்ட், ரிப்பன், குஞ்சலம், கிளிப் செய்வது பற்றி, பாளையங்கோட்டையில் என்னிடம் தையல் பழக வரும் பிள்ளைகளும் அவர்கள் அம்மாக்களும் கேட்கிற கேள்விகள் இவை. வீட்டில் மெஷின் இல்லாதவர்களையும் நினைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டுத் துணி தேடாதீர்கள். உடுப்பைக் கட்டிலில் விரித்துப் போட்டு, தடவி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் எந்த இடம் எதற்கு ஆகும் என்பது துணியிலேயே தெரிந்துவிடும். கத்தரியை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.

எந்தப் பழைய துணி எதற்கு ஆகும்?

பல தடவை துவைத்துப் பழகிய பருத்தித் துணிதான் தலைக்கு முதல் தரம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் விடும், முதல் துவையலில் சுருங்கும். பழையதில் இதெல்லாம் பெரும்பாலும் முடிந்திருக்கும். மெத்தென்று இருக்கும், ஆனால் வழுக்காது. எண்ணெய் வைத்த முடியிலும் பிடித்து நிற்கும். சங்கரன்கோவில் பக்கத்துத் தறியில் நெய்த சேலை, நிறம் மங்கிய நைட்டி, அப்பாவின் சாரம், அரைக்கைச் சட்டை எல்லாம் இந்த வகைதான்.

எந்த உடுப்பிலும் ஏற்கெனவே தைத்து முடித்த ஒரு பகுதி இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை மிச்சம். உள்பாவாடையில் நாடா ஓடுகிற பட்டியைப் பாருங்கள்: எலாஸ்டிக் நுழைக்கத் தயாரான குழாய் அது. சேலைக்கு அடியில் வைத்துத் தைத்த ஃபால்ஸைப் பிரித்தால் நான்கைந்து இஞ்ச் அகலத்தில் ஒரே நீளப் பட்டை கிடைக்கும். ஸ்க்ரஞ்சிக்கு வேண்டிய அகலம் அதுதான். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் உள்ளே விறைப்புத் துணி இருக்கும், ஓரமும் மடித்துத் தைத்திருக்கும். நடுவில் சுருக்கி நூலால் இறுக்கினால் அதுவே ஒரு பௌ, அதாவது பட்டாம்பூச்சி மாதிரி விரிந்த முடிச்சு. லெக்கின்ஸின் தொடைப் பகுதியைக் குறுக்கே நான்கு இஞ்ச் அகலத்துக்கு வெட்டினால் ஹேர் பேண்ட் கையில் வந்துவிட்டது. பாவாடை, சுடிதார் கரைகளையும் விட்டுவிடாதீர்கள்.

சில இடங்களைத் தவிர்த்துவிட வேண்டும். ரவிக்கை, சட்டையின் அக்குள் பக்கம் வேர்வையில் நைந்திருக்கும். தைத்த மறுவாரமே கிழியும். சமிக்கி, கல், கண்ணாடி பதித்த பகுதி முடியைப் பிடித்து இழுக்கும். ஜீன்ஸ் துணி ஸ்க்ரஞ்சிக்கு ஆகாது, சுருங்கவே சுருங்காது. ஆனால் கிளிப்பில் வைக்கிற பௌவுக்கும் பூவுக்கும் ஜீன்ஸ் நன்றாக நிற்கும்.

பருத்தியா, பட்டா, பாலியஸ்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, ஒரு எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி சட்டென்று எரிந்து காகிதம் எரிகிற வாசனை தரும், சாம்பல் மெல்லிதாக உதிரும். பட்டு மெதுவாகக் கருகி முடி பொசுங்கிய வாடை அடிக்கும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு, ஆறிய பிறகு கெட்டியான மணியாக நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

தெரிந்துகொள்வதில் பலன் உண்டு. உருகுகிற துணியின் ஓரத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் ஒட்டிவிடலாம், தைக்க வேண்டியதில்லை. பருத்தியில் அதை முயன்றால் தீப்பிடிக்கும்.

ஆச்சியின் பட்டுச்சேலை பெட்டியில் இருக்கிறது. வெட்டலாமா?

"எக்கா, இத வெட்டிரலாமா?" என்று சேலையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் உடனே சரி என்று சொல்வதில்லை. முதலில் வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். ஆச்சியின் சேலையில் சித்திக்கும் அத்தைக்கும் பாத்தியதை உண்டு. அடுத்தது, ஜரிகையைச் சோதியுங்கள். பழைய பட்டுச்சேலைகளில் உண்மையான ஜரிகை என்றால் பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். அதற்காகவே பழைய பட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சேலை இன்னும் உடுத்தும்படி இருந்தால் வெட்ட வேண்டாம் என்பதே என் எண்ணம். மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தால் தாராளமாக வெட்டலாம். பெட்டியில் பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே கீறிக்கொள்ளும், இனி உடுத்தவும் முடியாது. அப்படிப்பட்ட சேலையில் மடிப்புக்கோடுகளுக்கு இடையில் நல்ல துண்டுகள் கிடைக்கும். ஒரு சேலையில் வீட்டிலுள்ள எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று செய்து கொடுக்கலாம். கல்யாண வீட்டில் அக்கா தங்கை, மதினிமார் எல்லாரும் ஒரே ஆச்சியின் பட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சேலைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றே தோன்றியது.

வெட்டும்போது இரண்டு விஷயம். பழைய பட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்தே தையுங்கள்; இல்லாவிட்டால் தையல் போன கோட்டிலேயே கிழியும். ஜரிகைக் கரை முடியில் நேரடியாகப் படக்கூடாது. கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் முடியை அறுக்கும், பிடுங்கும். கரை வெளிப்பக்கமும் பருத்தி உள்பக்கமும் வரும்படி பாருங்கள்.

ஸ்க்ரஞ்சி எப்படித் தைப்பது?

வேண்டியவை: நான்கு இஞ்ச் அகலம், இருபது இஞ்ச் நீளத்தில் ஒரு துணிப் பட்டை, கால் இஞ்ச் அகல எலாஸ்டிக் ஏழு இஞ்ச், ஊசி, நூல், இரண்டு ஊக்கு. முடி அடர்த்தியாக இருப்பவர்களுக்கு எலாஸ்டிக் எட்டு இஞ்ச் வைத்துக்கொள்ளலாம்.

பட்டையை நீளவாக்கில், நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, ஓரத்திலிருந்து கால் இஞ்ச் விட்டுத் தையுங்கள். கையால் என்றால் பின்தையல் போடுங்கள், அதாவது ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்க் குத்துங்கள். ஊசியை மேலும் கீழுமாக முன்னே ஓட்டிக்கொண்டே போகிற ஓட்டுத்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு இஞ்ச் தைக்காமல் விடுங்கள். ஒரு முனையில் ஊக்கைக் குத்தி, குழாய்க்குள் தள்ளித் தள்ளி மறுமுனை வழியாக வெளியே எடுத்தால் நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். இப்போது குழாயின் இரண்டு வாயையும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துச் சேர்த்துத் தையுங்கள். துணி ஒரு வளையமாகிவிடும், நடுவில் சின்ன வாய் ஒன்று திறந்திருக்கும்.

எலாஸ்டிக்கின் ஒரு நுனியை இரண்டாவது ஊக்கால் துணியோடு குத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் அது உள்ளே ஓடிவிடாது. மறுநுனியில் முதல் ஊக்கைக் குத்தி வளையத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு நுனிகளையும் அரை இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சதுரமாகவும் குறுக்காகவும் தையுங்கள். முடிச்சுப் போட்டு நிறுத்தினால் அந்த முடிச்சு தலையில் உறுத்தும், எண்ணெய் பட்டு அவிழவும் செய்யும். கடைசியில் திறந்திருக்கும் வாயை, நூல் வெளியே தெரியாத மறைதையலால் மூடுங்கள். கைத்தையலில் நிதானமாகச் செய்தாலும் ஒரு மத்தியான நேரத்துக்குள் முடிகிற வேலை.

இந்த ஸ்க்ரஞ்சிக்கு அமெரிக்காவில் 1987இல் காப்புரிமை வாங்கியவர் ரோமி ரெவ்சன் என்ற பாடகி. பைஜாமாவின் இடுப்பில் துணிக்குள் எலாஸ்டிக் ஓடுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். நம் உள்பாவாடைப் பட்டியும் அதே வழிதான்.

பழைய உடுப்பிலிருந்தே எலாஸ்டிக்கையும் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வெயிலும் எண்ணெயும் சோப்பும் பட்ட ரப்பர் ஏற்கெனவே செத்திருக்கும். இந்த ஒரு பொருளை மட்டும் தையல் சாமான் விற்கிற கடையில் மீட்டர் கணக்கில் புதிதாக வாங்குங்கள். வாங்கும்போது இழுத்து விட்டுப் பாருங்கள், பழைய நீளத்துக்கே திரும்ப வேண்டும்.

எனக்குத் தையலே வராது. என்ன செய்யலாம்?

பனியன் துணியும் லெக்கின்ஸும் இருக்கும்போது தையல் தெரியாதது ஒரு குறையே இல்லை. இவை பின்னலாடை என்பதால் வெட்டிய ஓரம் பிசிறாகப் பிரியாது.

பழைய டீ ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக ஒரு இஞ்ச் அகலத்துக்கு வளையம் வளையமாக வெட்டுங்கள். பக்கவாட்டில் தையல் இல்லாத டீ ஷர்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வளையத்தையும் ஓர் இடத்தில் அறுத்துப் பட்டையாக்கி இரண்டு கையாலும் இழுத்தால் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும். குறுக்காக வெட்டினால்தான் இப்படிச் சுருளும், மேலிருந்து கீழாக வெட்டினால் சுருளாது. மூன்று கயிறுகளைச் சடை பின்னுகிற மாதிரியே பின்னி, தலைச் சுற்றளவைவிட இரண்டு இஞ்ச் குறைவாக நிறுத்துங்கள். முனைகளைச் சேர்த்து நூலால் இறுகச் சுற்றி, அதன்மேல் அதே துணியில் ஒரு சின்னப் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டால் ஹேர் பேண்ட் தயார். கட்டு பிடரிப் பக்கம், முடிக்கு அடியில் மறைந்துவிடும். வேறு வேறு நிறப் பனியன்கள் மூன்று இருந்தால் பார்க்க இன்னும் அழகு.

லெக்கின்ஸ் கால் முனையைக் குறுக்கே அரை இஞ்ச் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு ரப்பர் பேண்ட். கடையில் விற்கிற மெல்லிய ரப்பர் முடியோடு ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும், இது வராது. ஒற்றைச் சாக்ஸ் இருந்தால் விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, அந்த முனையிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருட்டிக்கொண்டே போங்கள். வட்டமான வளையம் கிடைக்கும். குதிரைவாலை அதற்குள் நுழைத்து முடியைச் சுற்றிப் பரப்பிச் செருகினால் பெரிய கொண்டை நிற்கும். முடி நிறத்துச் சாக்ஸாக இருந்தால் வெளியே தெரியாது.

பள்ளிக்கூட ரிப்பன் பழைய துணியில் சரிவருமா?

பாளையங்கோட்டையில் காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் ரிப்பன் நிறத்தை வைத்தே எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடலாம். மடித்துக் கட்டிய இரட்டைச் சடைக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் போல ரிப்பன் வேண்டும். அந்த நிறத்தில் பழைய சால் (துப்பட்டா) இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

பாலியஸ்டர் சால் என்றால் ஒரு இஞ்ச் அகலத்தில் வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில், படாமல், சீரான வேகத்தில் ஓட்டுங்கள். ஓரம் உருகி மூடிக்கொள்ளும். மெதுவாக ஓட்டினால் சுருங்கிக் கறுத்துவிடும். பருத்தி என்றால் நான்கு இஞ்ச் அகலத்தில் வெட்டி, இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி இரண்டாக மடித்துத் தைக்க வேண்டும். வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சாட்டின் ரிப்பன் பத்து மணிக்கே நழுவித் தொங்கும். பருத்தி ரிப்பன் சாயங்காலம் மணி அடிக்கிறவரை நிற்கும். நிறம் பள்ளிக்கூடத்து ரிப்பனோடு சரியாக ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மாறினால் பிள்ளைதான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனித் தேரோட்டத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று. குஞ்சலம் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். இந்தப் பட்டியலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். நெல்லையப்பர் தேர் ரதவீதியில் வரும்போது சின்னப் பிள்ளைகளின் சடை நுனியில் குஞ்சலம் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். கடையில் கிடைக்கிற குஞ்சலம் பெரும்பாலும் செயற்கை நூல். பழைய பட்டு ரவிக்கையின் இழையில் செய்தால் அதன் மினுக்கமே வேறு.

முந்திக் குஞ்சங்கள் நன்றாக இருந்தால் அப்படியே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பட்டுத் துணியில் ஒரு பட்டை வெட்டி, ஊசி முனையால் நீளவாக்கு இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். பொறுமை வேண்டிய வேலை. வீட்டில் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்து தருவார்கள். இழைகளைச் சேர்த்து, மூன்றரை இஞ்ச் அட்டையில் விரல் கனம் வரும்வரை சுற்றுங்கள். அட்டையின் மேல்விளிம்பில் ஒரு கெட்டி நூலை நுழைத்து இறுக முடிந்து, கீழ்விளிம்பில் கத்தரியால் வெட்டி எடுங்கள். மேலிருந்து அரை இஞ்ச் கீழே கழுத்து மாதிரி நூலைச் சுற்றி, அதை மறைக்க ஜரிகைக் கரையில் ஒரு சின்னத் துண்டைச் சுற்றித் தையுங்கள். இப்படி மூன்று. அவற்றுக்கு மேலே, பட்டுத் துண்டில் பஞ்சு அடைத்து எலுமிச்சைக்குப் பாதி அளவில் உருட்டிய மூன்று உருண்டைகளைத் தைத்து, மூன்றையும் ஒரு கறுப்பு நாடாவில் சேர்த்துக் கட்டுங்கள்.

நாடா ஒரு முழம் நீளமாவது இருக்கட்டும். சடை பின்னும்போது பாதியிலேயே நாடாவை முடியோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும். நுனியில் மட்டும் முடிந்தால் கூட்டத்தில் எங்கோ விழுந்துவிடும். உருண்டைக்குள் கல்லோ மணியோ வைத்துக் கனமாக்காதீர்கள், பிள்ளைக்குத் தலை வலிக்கும். சடைக்கு மேலே பிச்சியோ மல்லியோ வைக்கும்போது பூவின் ஈரம் பட்டில் படாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், பட்டில் கறை நிற்கும்.

ஆனி ஆடிக் காற்றில் வண்டியில் போனால் முடி சிக்காகிவிடுகிறது. இதற்கு ஏதாவது உண்டா?

செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற தென்மேற்குக் காற்று நம் பக்கத்தை உலுக்கிவிடும். பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் மெல்லிய ஹேர் பேண்ட் பயன்படாது. நெற்றி முடியையும் காதோர முடியையும் சேர்த்து அழுத்துகிற அகலம் வேண்டும்.

அங்கேதான் உள்பாவாடைப் பட்டி உதவும். நாடாப் பட்டியையும் அதற்குக் கீழே இரண்டு இஞ்ச் துணியையும் சேர்த்து, பதினாறு இஞ்ச் நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். அரை இஞ்ச் அகல எலாஸ்டிக் ஆறு இஞ்ச் எடுத்து, அதன் இரண்டு நுனிகளையும் பட்டியின் இரண்டு முனைகளுக்குள் கொஞ்சம் நுழைத்துத் தைத்தால் பின்பக்கம் எலாஸ்டிக் இழுத்துப் பிடிக்கும், முன்பக்கம் துணி தட்டையாக நிற்கும். தலைச் சுற்றளவு எடுத்த பிறகு நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக இருபத்தொன்று, இருபத்திரண்டு இஞ்ச் இருக்கும்.

நீளமான சடை உள்ளவர்கள் சடையையே மூட வேண்டும். பழைய பாலியஸ்டர் சாலில் சடை நீளத்துக்கு மூன்று இஞ்ச் அகலக் குழாய் ஒன்று தைத்து, மேலே எலாஸ்டிக், கீழே நாடா வைத்துவிட்டால் சடை முழுவதும் அதற்குள் போய்விடும். வழுவழுப்பான துணி இங்கே நல்லது, முடி உரசாமல் இருக்கும். ஹெல்மெட் போடுகிறவர்கள் முன்பக்கம் பௌ, பூ எதுவும் வைக்காதீர்கள். ஹெல்மெட் சரியாக உட்காராது.

குற்றாலம் சீசனில் நனைந்த தலையோடு என்ன கட்டுவது?

நனைந்த முடி பலம் குறைந்தது, இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். அதனால் எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள். பழைய பனியனை ஒன்று கூடவே எடுத்துப் போங்கள். அருவியிலிருந்து வந்ததும் அதைத் தலையில் சுற்றினால் துண்டைவிட உரசல் குறைவாக ஈரத்தை உறிஞ்சும்.

கிளிப்பில் துணியை ஒட்டினால் விழுந்துவிடுகிறது. ஏன்?

இரும்புக் கிளிப் வழுவழுப்பாக இருக்கும், அதில் எண்ணெய் வேறு பட்டுவிடும். வெள்ளைப் பசை மரத்திலும் காகிதத்திலும் பிடிக்கும், இரும்பில் நிற்காது. பசைத் துப்பாக்கியில் ஒட்டியதும் நம் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் இளகிவிடுகிறது.

ஒட்டுவதை விட்டுவிட்டுத் தைத்துவிடுங்கள். கிளிப்பின் மேல்தகட்டுக்கு அளவாகச் சட்டைக் காலர்த் துணியில் ஒரு உறை தைத்து மாட்டி, பௌவையோ பூவையோ அந்த உறையின்மேல் தையுங்கள். சட்டைப் பொத்தானைத் துணியால் மூடிப் பூவுக்கு நடுவில் வைக்கலாம்.

எண்ணெய்த் தலைக்குத் துணி சீக்கிரம் அழுக்காகாதா? சாயம் போகாதா?

அழுக்காகும். வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியதுதான். சீயக்காயோ குளியல் ஷாம்புவோ போட்டுக் கையால் அலசினாலே எண்ணெய் போய்விடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் அழுத்தி ஈரத்தை எடுத்து நிழலில் காயப்போடுங்கள், வெயில் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்கு நல்ல ஸ்க்ரஞ்சியைப் போடாதீர்கள். அதற்கென்று ஒரு பழைய சாரத் துண்டில் தைத்ததைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அடர் நிறச் சாரம் கறையைக் காட்டாது.

சாயத்துக்கு எளிய சோதனை: துணியின் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் வேர்வையிலும் ஒட்டும், நெற்றியிலும் சட்டைக் காலரிலும் இறங்கும். நிறம் நிற்கிறவரை தனியாக அலசுங்கள். நிற்கவே இல்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

பேன் பரவுமா?

ஒருவர் போட்டதை இன்னொருவர் போட்டால் பரவ வாய்ப்பு உண்டு. துணிப் பேண்ட், ரிப்பன், கிளிப் எதையும் பிள்ளைகள் மாற்றிக்கொள்ள விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டையும் இல்லை. தலையில் பேன் கண்டால் 55 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துவையுங்கள். சூடு படக்கூடாத பட்டுத் துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். தலையை விட்டு விலகிய பேன் இரண்டு நாளுக்கு மேல் பெரும்பாலும் பிழைக்காது, ஈருக்காகத்தான் கூடுதல் நாள்.

கைக்குழந்தைக்கு ஹேர் பேண்ட் போடலாமா?

படம் எடுக்கிற நேரத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள். தூங்கும்போது போடவே கூடாது. நழுவி மூக்கையோ கழுத்தையோ சுற்றிக்கொள்ளும். கழற்றியதும் நெற்றியில் கோடு தெரிந்தால் அது இறுக்கம். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்வதில் மணி, பொத்தான், கல் எதுவும் வைக்காதீர்கள், பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பிறந்தநாளுக்கு முடி இல்லாத குழந்தைக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குப் பழைய மல் வேட்டியில் ஒரு சின்னத் தொப்பி தைத்துக் கொடுங்கள் என்பேன்.

துணி பேண்ட் போட்டால் முடி கொட்டுவது நிற்குமா?

கொட்டுவதற்கு வேறு காரணங்கள் இருந்தால் அதை எந்தப் பேண்டும் நிறுத்தாது. ஆனால் தினமும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டுவதால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி குறைவது உண்டு. துணி பேண்ட் அங்கே உதவும், நீங்களும் தளர்த்திக் கட்டினால். கட்டுகிற இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

பாபநாசத்தில் ஆற்றில் விடுகிற துணிகளை எடுத்துப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அமாவாசைக்கும் பரிகாரத்துக்கும் வந்து குளித்துவிட்டு உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அங்கே இருக்கிறது. அந்தத் துணியோடு ஒருவருடைய துக்கமும் வேண்டுதலும் சேர்ந்திருக்கிறது, அதைப் பிள்ளை தலையில் வைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் தண்ணீரிலேயே கிடந்தால் அதிலுள்ள பாலியஸ்டர் துணி மக்காது, பாறையிடுக்கிலும் மதகிலும் சிக்கி ஆற்றை அடைக்கும். நம் குடிதண்ணீரே அந்த ஆறுதான். துணியைத் தண்ணீரில் விடாமல் கரையில் அதற்கென்று வைக்கிற இடத்தில் போடுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வது நம் வேலை.

செய்ததை விற்கலாமா?

விற்கலாம், ஆனால் மற்றவர் உடுத்திய துணி என்பதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான். விற்பனைக்கு என்றால் தையல்கடையில் மிஞ்சுகிற வெட்டுத்துணியே வசதி. உடுத்தாதது, நிறமும் விதவிதமாகக் கிடைக்கும். திருநெல்வேலி டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் ரவிக்கை தைக்கிற கடைகளில் கேட்டால் பையில் போட்டு வைப்பார்கள்; பதிலுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு ஸ்க்ரஞ்சி கொடுங்கள். வெட்டுத்துணியையும் ஒருமுறை அலசிக் காயவைத்துவிட்டே தையுங்கள்.

எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. மறைதையல் போட்டு மூடிய இடத்தை ஒரு இஞ்ச் பிரித்து, பழைய எலாஸ்டிக்கை அறுத்து, அதன் ஒரு நுனியில் புது எலாஸ்டிக்கை ஊக்கால் கோத்துவிடுங்கள். மறுநுனியைப் பிடித்து இழுத்தால் பழையது வெளியே வரவரப் புதியது உள்ளே போய்விடும், சுற்றித் தள்ள வேண்டியதே இல்லை. புதியதன் பின்நுனியைத் துணியோடு ஊக்கால் குத்தி வைக்க மறந்துவிடாதீர்கள். பிரிக்கிற இடம் சட்டென்று தெரிவதற்காக, நான் அந்த ஒரு இஞ்ச்சை மட்டும் கொஞ்சம் வேறு நிற நூலில் மூடுவேன்.